பைன் சருகுக்குள் எத்தனை மில்லிமீட்டர் மழை நிற்கும்: ஒரு தராசு, ஒரு பூவாளி, ஏழு மாதம்

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் நண்பன் ஒருவனுக்குக் கொஞ்சம் பட்டா நிலம் இருக்கிறது. மேல் பாதியில் அவன் தாத்தா காலத்தில் நட்ட பைன் மரங்கள். கீழ்ப் பாதியில் பூண்டும் கேரட்டும் போடுகிற படிக்கட்டு வயல். இரண்டுக்கும் நடுவில், பாறை இடுக்கில் ஓர் ஊற்று. வயலுக்கும் வீட்டுக்கும் கோடையில் அதுதான் கதி. போன பிப்ரவரியில் எதிர்ச் சரிவில் தீப்பிடித்து இரண்டு நாள் எரிந்ததைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. "கீழ கெடக்குற ஊசி இலை மொத்தத்தையும் வாரித் தள்ளிடறேன் மாப்ள, ஸ்ட்ராபெர்ரி போடுறவரு ஒருத்தரு மூடாக்குக்குக் கேக்குறாரு, காசும் வரும்" என்றான்.

ஊற்று என்ன ஆகும் என்று கேட்டேன். அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. பக்கத்து நிலத்துப் பெரியவர், அறுபது வருடமாக அந்தச் சரிவில் விவசாயம் பார்ப்பவர், "அந்த மெத்தைல தண்ணியே நிக்காது தம்பி, கூரை வேஞ்ச மாதிரி மேலயே வழுக்கி ஓடிரும், வாரிப்புட்டா மண்ணுக்காவது மழை படும்" என்றார். நண்பனின் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "கார்த்திகை மாசம் அந்தச் சருகக் கையில அள்ளிப் புழிஞ்சா தண்ணி சொட்டுது, நிக்காமயா சொட்டுது?" என்றார். இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். யாரைத் தப்பு என்று சொல்வது? சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று மார்ச் மாதம் இறங்கினேன், அக்டோபரில்தான் முடிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தது எல்லாம் பட்டா நிலத்தில். காப்புக் காட்டுக்குள் போய்ச் சருகையோ மண்ணையோ அள்ளிவர அனுமதி வேண்டும், யாரும் இதைப் படித்துவிட்டுச் சாக்குப் பையோடு கிளம்ப வேண்டாம்.

மரம் பட்டுலா பைன், மெக்சிகோ நாட்டு மரம். ஊசிகள் பெரும்பாலும் மூன்று மூன்றாகச் சேர்ந்து, ஒரு சாணுக்குக் குறையாத நீளத்தில், வாரிவிட்ட தலைமுடி மாதிரித் தொங்கும். விழும்போதும் அப்படியே கொத்தாக விழுந்து, சரிவின் போக்கிலேயே படுத்துக்கொள்கிறது. பெரியவர் கூரை வேய்ந்த மாதிரி என்றது உவமை இல்லை, குனிந்து பார்த்தால் நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது.

முதல் வேலை, ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு சருகு கிடக்கிறது என்று பார்ப்பது. 50 செ.மீ.க்கு 50 செ.மீ. மரச் சட்டம் ஒன்று அடித்துத் தரையில் வைத்து, அதன் விளிம்பை ஒட்டிக் கத்தியால் கேக் வெட்டுகிற மாதிரி வெட்டினேன். வாரியால் இழுத்தால் பக்கத்துச் சருகும் சேர்ந்து வந்துவிடும், ஊசிகள் ஒன்றோடொன்று அவ்வளவு பின்னிக் கிடக்கின்றன.

வெட்டிய பக்கவாட்டைப் பார்த்தால் அடுக்கு அடுக்காகத் தெரிகிறது. மேலே ஒரு மூன்று விரல் கனத்துக்குப் புது ஊசி, செம்பழுப்பு, மொறுமொறுவென்று. அதற்குக் கீழே நிறம் கறுத்து, ஊசிகள் துண்டு துண்டாக உடைந்து, வெள்ளைப் பூஞ்சை இழைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, கையில் எடுத்தால் பழைய கயிற்றுப் பாய் மாதிரி ஒரே தகடாக வருகிற பாதி மக்கிய அடுக்கு. அதற்கும் கீழே ஊசி என்றே அடையாளம் தெரியாத கருப்புப் பொடி, அப்புறம் மண். பொடிக்கும் மண்ணுக்கும் எல்லை எங்கே என்று ரொம்ப நேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் விரலில் நறநறவென்று மணல் தட்டுப்பட்டால் மண், இல்லாவிட்டால் சருகு என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். புது ஊசி ஒரு பையில், பாதி மக்கியதும் பொடியும் இன்னொரு பையில்.

நாலு இடத்தில் சட்டம் வைக்கக் குறித்திருந்தேன். மூன்றை எடுத்துவிட்டு, நாலாவதை நாளைக்குப் பார்க்கலாம் என்று போனால், இரவு காட்டுமாடு வந்திருக்கிறது. சட்டம் நாலு துண்டு. குறித்த இடத்தில் ஒரு குளம்புத் தடம், கையளவு ஆழம். அதனால் இங்கே சொல்கிற கணக்கு மூன்று இடத்துச் சராசரி, சதுர மீட்டருக்கு.

எடுத்தபோது இருந்த எடை: புது ஊசி 0.9 கிலோ, பாதி மக்கியது 2.2 கிலோ. இதை நன்றாக உலர்த்தி, ஈரமே இல்லாத எடையைப் பார்க்க வேண்டும். மண்ணுக்கு 105 டிகிரி என்பது வழக்கம், சருகுக்கு அவ்வளவு சூடு வேண்டாம், 70, 80 போதும். நான் சருகையும் 105இல் வைத்துத் தொலைத்தேன். வீட்டு ஓடிஜி அடுப்பில் முள் 105 என்று காட்டினாலும் உள்ளே எவ்வளவு ஏறுகிறது என்பது அதற்கே வெளிச்சம். அரை மணி நேரத்தில் வீடு முழுக்கப் பினாயில் வாசனை, அப்புறம் புகை. தட்டின் ஓரத்து ஊசிகள் கருகியே போய்விட்டன, அந்தத் தட்டு வீண். (அந்த அடுப்பில் அதற்கப்புறம் செய்த மூன்று கேக்கிலும் பைன் வாசனை. நான்காவது செய்யச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.) மிச்சத்தை 80க்குக் கீழே வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடை போட்டு, எடை இனிமேல் குறையவில்லை என்று தெரிகிற வரை உலர்த்தினேன். புது ஊசி 0.8 கிலோ, பாதி மக்கியது 1.8 கிலோ.

அடுத்தது ஊறவைப்பது. ஆய்வுக்கூடங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள்: உலர்ந்த சருகைத் துணிப்பையில் கட்டி 24 மணி நேரம் தண்ணீரில் முழுகவைத்து, எடுத்து, வடியவிட்டு, எடை போடுவது. கேட்கச் சுலபம். முதல் தடவை நான் செய்தது எல்லாமே தப்பு. வெங்காயம் வருகிற வலைப்பையில் கட்டினேன், பாதி மக்கியதில் இருந்த பொடி எல்லாம் கண் வழியாக வாளிக்குள் போய்விட்டது. ஊசிப் பை முழுகவே இல்லை, மிதந்துகொண்டிருந்தது, காலையில் பார்த்தால் மேல் பாதி காய்ந்தே கிடக்கிறது. எடுத்த உடனே தராசில் வைத்தேன், சொட்டச் சொட்ட. வலைப்பையின் ஈர எடையைக் கழிக்கவும் மறந்தேன். கணக்குப் போட்டால் சருகு தன் எடையைப் போல நாலு மடங்கு தண்ணீர் பிடிக்கிறது என்று வந்தது. ஒரு நாள் முழுக்க நண்பனின் அம்மாதான் ஜெயித்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை பழைய வேட்டித் துணியில் பை தைத்து, மேலே கல் வைத்து முழுகவைத்து, காலிப் பை ஒன்றையும் கூடவே ஊறப்போட்டு அதன் ஈர எடையைத் தனியாகப் பார்த்தேன். எடுத்ததும் கொடியில் தொங்கவிட்டுச் சொட்டு நிற்கிறவரை காத்திருந்தேன். நடுநடுவிலும் எடுத்து எடை போட்டேன்: 5 நிமிடம், அரை மணி, ஒரு மணி, 2, 4, 8, கடைசியாக 24. இதில்தான் சுவாரசியம். பாதி மக்கிய சருகு 24 மணி நேரத்தில் குடிக்கிற தண்ணீரில் பத்தில் ஏழு பங்கை முதல் அரை மணியிலேயே குடித்துவிடுகிறது. புது ஊசி அதே அரை மணியில் நாலு பங்கைத்தான் குடிக்கிறது. அதன் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. ஊசி உடைந்து, பூஞ்சை தின்று, உள்ளே இருக்கிற நார் வெளியே வந்த பிறகுதான் அது தண்ணீருக்கு வாய் திறக்கிறது.

24 மணி நேரக் கணக்கு: புது ஊசி தன் உலர் எடையில் ஒன்றரை மடங்கு, அதாவது 1.2 லிட்டர். பாதி மக்கியது கிட்டத்தட்ட 2.3 மடங்கு, 4.1 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது 1 மி.மீ. மழை. ஆக மொத்தம் 5.3 மி.மீ.

ஆனால் மழையில் சருகு வாளிக்குள் முழுகிக் கிடப்பதில்லை, சரிவில் கிடக்கிறது, தண்ணீர் மேலிருந்து வந்து கீழே போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் ஊறவைத்து வந்த அளவில் 85 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் ஏற்கெனவே இருக்கிற ஈரத்தையும் கழிப்பது காட்டு நீரியலில் புழங்குகிற கணக்கு. 5.3இல் 85 சதவீதம் 4.5. மார்ச் மாதம் சருகில் இருந்த ஈரம் 0.5. மிச்சம் 4 மி.மீ.

வெறும் நாலு. நண்பனிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இங்கே சித்திரையில் மத்தியானம் இடியோடு ஒரு மழை வந்தால் 30, 40 மி.மீ. சாதாரணம். அதில் முதல் ஐந்து நிமிடத்து மழைதான் மெத்தைக்குள் நிற்கும், மிச்சமெல்லாம் வேறு எங்கோ போகிறது. அந்த நாலும் ஊற்றுக்குப் போகப் போவதில்லை, அடுத்தடுத்த நாள் வெயிலில் சருகிலிருந்தே ஆவியாகிவிடும். அப்படியென்றால் வாரிவிட வேண்டியதுதானே என்று அவன் வாரியைத் தேட ஆரம்பித்துவிட்டான். இரு, மண்ணைப் பார்ப்போம் என்று பிடித்து உட்காரவைத்தேன்.

மண்ணை அதன் இயல்பு கெடாமல் எடுக்க ஒரு வளையம் வேண்டும். இரண்டு அங்குல ஜிஐ பைப்பில் 5 செ.மீ. உயரத்துக்குத் துண்டுகள் வெட்டி, ஒரு பக்க ஓரத்தைப் பட்டறையில் சாணை பிடித்து வாங்கிவந்தேன். தண்ணீர் ஊற்றி அளந்தால் ஒரு வளையத்துக்குள் 106 மில்லி பிடிக்கிறது. சருகை விலக்கிவிட்டு, வளையத்தின் மேல் கட்டை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்கி, சுற்றிலும் தோண்டி எடுத்து, மேலும் கீழும் கத்தியால் சமமாகச் சீவ வேண்டும். வேர் குறுக்கே வந்தால் இழுக்கக் கூடாது, கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும், இழுத்தால் பாதி மண் அதோடு வந்துவிடும். பைனுக்கு அடியில், கேரட் வயலில், அப்புறம் ஓடையோரத்தில் நண்பன் வெட்டாமல் விட்டுவைத்திருக்கிற சின்னச் சோலைத் துண்டில் (இந்த மலையின் இயற்கைக் காடு), மூன்று இடத்திலும் எடுத்தேன்.

வளையத்தின் அடியில் துணி கட்டி, தட்டில் தண்ணீர் வைத்து, கீழிருந்து மேலே ஊறவிட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். வயல் மண் சாயந்திரத்துக்குள் மேலே மினுமினுவென்று நனைந்துவிட்டது. சோலை மண் ராத்திரிக்குள். பைன் மண் மறுநாள் காலையிலும் மேலே புழுதியாகவே இருக்கிறது, விரல் வைத்தால் தூசி ஒட்டுகிறது! வளையம் தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, மேல் மண் காய்ந்து கிடக்கிறது. அதற்கு இரண்டு முழு நாள் பிடித்தது.

அப்போதுதான் சந்தேகம் வந்து, கண் மருந்துக் குப்பியைக் கழுவி அதில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மறுபடியும் மேட்டுக்குப் போனேன். சருகை மெதுவாக விலக்கி, மண்ணின் மேல் ஒரு சொட்டு விட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பது, அவ்வளவுதான் சோதனை. 5 விநாடிக்குள் உள்ளே போனால் சாதாரண மண். ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் அது தண்ணீரை நன்றாகவே தள்ளுகிற மண். சொட்டு வெண்டைக்காய் விதை மாதிரி உருண்டு, மேலே தூசிப் போர்வை போர்த்திக்கொண்டு, நின்றது. ஒரு நிமிடம். இரண்டு. அதற்குள் என் முகம் தெரிகிறது, மேலே கிளைகள் தெரிகின்றன. நாலு நிமிடம் சொச்சம் கழித்துத்தான் சட்டென்று உள்ளே இறங்கியது. 5 செ.மீ. ஆழத்தில் தோண்டி விட்ட சொட்டு 20 விநாடி நின்றது. 10 செ.மீ. ஆழத்தில் விட்டது உடனே போய்விட்டது. ஆக, பிரச்சினை மேலே 10 செ.மீ.க்குள்தான். கேரட் வயலில் சொட்டு விழுந்ததே தெரியவில்லை. சோலை மண்ணும் கொஞ்சம் முரண்டு பிடித்தது, 15 விநாடி போல.

இது ஒன்றும் மர்மம் இல்லை. ஊசியின் மெழுகும் பிசினும் பூஞ்சை இழைகளில் இருந்து வருகிற பொருட்களும் மண் துகள்களின் மேல் பூச்சாகப் படிந்துவிடுகின்றன. ஈரமாக இருக்கிறவரை அது தொந்தரவு இல்லை. வாரக்கணக்கில் காய்ந்தால் அந்தப் பூச்சு தண்ணீரை ஒட்டவிடாமல் செய்துவிடுகிறது. தீப்பிடித்தால் இன்னும் மோசம், மெழுகு ஆவியாகிக் கொஞ்சம் கீழே இருக்கிற குளிர்ந்த மண்ணில் போய்ப் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஒரு ரெயின்கோட்டு போட்ட மாதிரி ஆகிவிடும்.

சரி, வளையக் கணக்குக்கு வருவோம். நன்றாக ஊறிய பின் எடை, அப்புறம் உலர்ந்த மணல் மேல் இரண்டு மணி நேரம் வைத்து வடியவிட்ட பின் எடை, கடைசியில் உலர்த்திய பின் எடை. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய துளைகளில் இருந்து வடிந்துபோன தண்ணீர். மழை பெய்யும்போது வேகமாக வாங்கிக்கொண்டு, நின்றதும் மெதுவாகக் கீழே அனுப்புகிற வழி அதுதான், ஊற்றுக்கு வேண்டியதும் அதுதான். வடிந்த பிறகும் மண் விடாமல் பிடித்துவைத்திருப்பது நுண்ணிய துளைகளில் இருப்பது, அது வேருக்கு.

பைன் மண்ணில் 106 மில்லி வளையத்துக்குள் 66 மில்லி தண்ணீர் நின்றது, அதில் 11 வடிந்தது. சோலை மண்ணில் 74 நின்றது, 19 வடிந்தது. வயல் மண்ணில் 58 நின்றது, வடிந்தது 6 மட்டும். உலர்ந்த மண்ணின் எடையிலும் அது தெரிகிறது: சோலை 64 கிராம், பைன் 85, வயல் 117. ஒரே அளவு டப்பா, சோலை மண்ணைப் போல வயல் மண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம்.

மேல் மண் 20 செ.மீ.யும் இதே மாதிரி என்று வைத்துக்கொண்டால், அதாவது 200 மி.மீ. ஆழத்துக்கு, வடிகிற தண்ணீர் மட்டும் பைனுக்கு அடியில் 20 மி.மீ. சொச்சம், சோலையில் 36, வயலில் 11. வடியாமல் வேருக்காக நிற்பது பைன் மண்ணில் இன்னொரு 100. சருகு பிடித்த 4 மி.மீ. எங்கே, இது எங்கே. தண்ணீர்த் தொட்டி மண்தான், சருகு வெறும் மூடி. இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது, அன்றைக்கு அடுப்படியில் தராசு முன்னால் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது நான் இரண்டு தடவை மறுபடி போட்டேன், தசமப் புள்ளி எங்கேயோ தப்பியிருக்கும் என்று.

ஆனால் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாய் மூடியிருந்தால் என்ன பிரயோஜனம். அதைப் பார்க்கத்தான் பூவாளி. சரிவில் ஒரே சாய்மானத்தில் மூன்று பாத்தி, ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர். சுற்றிலும் தகரத்தை நிலத்தில் பதித்து, கீழ்ப் பக்கம் தகரத்தை மடித்து வாய்க்கால் மாதிரி வைத்து, அதன் நுனியில் ஒரு வாளி. முதல் பாத்தியில் சருகைத் தொடவே இல்லை. இரண்டாவதில் மேலே இருக்கிற புது ஊசியை மட்டும் எடுத்தேன். மூன்றாவதில் நண்பன் செய்ய நினைத்த மாதிரி மண் தெரிகிறவரை வாரிவிட்டேன். ஒவ்வொன்றிலும் 10 லிட்டர், பத்து நிமிடத்தில், பூவாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து. 10 மி.மீ. மழை, நல்ல வேகமான மழை. தோள்பட்டை மூன்று நாள் வலித்தது.

மார்ச் நடுவில், ஐந்து வாரமாகச் சொட்டு மழை இல்லாத சமயம். தொடாத பாத்தியிலிருந்து வாளிக்கு வந்தது 2.3 லிட்டர், டீத் தண்ணீர் நிறத்தில், மண் இல்லாமல். புது ஊசி மட்டும் எடுத்ததில் 3.1. வாரிவிட்டதில் 5.8 லிட்டர், நாற்பதாவது விநாடியிலேயே சேறாக வர ஆரம்பித்தது. வாரிவிட்ட பாத்தியில் மண் குடித்தது 4.2 லிட்டர். தொடாத பாத்தியில் சருகும் மண்ணும் சேர்ந்து 7.7, சருகு மூன்று, மூன்றரையைப் பிடித்திருக்கும் என்று வைத்தால் மண் குடித்தது இங்கேயும் அதே நாலு சொச்சம்தான். அதாவது மார்ச்சில் மண்ணே வாய் மூடிக் கிடந்தது, சருகு இருந்தாலும் இல்லாவிட்டாலும். தொடாத பாத்தியில் ஊற்றி முடித்ததும் சருகை ஓரமாகத் தூக்கிப் பார்த்தேன். மேலே ஊசி ஈரம், கீழே பாதி மக்கியது திட்டுத் திட்டாக ஈரம், அதற்கும் கீழே மண் பல இடங்களில் பொடியாக, சாம்பல் மாதிரி. தண்ணீர் சருகுக்கும் மண்ணுக்கும் நடுவில் சந்து பிடித்து ஓடியிருக்கிறது. பெரியவர் சொன்ன கூரை.

பாத்திகளை அப்படியே விட்டுவிட்டேன், வாரிவிட்டதில் புதிதாக விழுகிற ஊசியை மட்டும் வாரம் ஒருமுறை நண்பன் பொறுக்கி எடுத்தான் (எடுத்ததாகச் சொல்கிறான்). கோடை மழை, தென்மேற்கு, எல்லாம் போய் வடகிழக்கு ஆரம்பித்த அக்டோபரில் மறுபடி அதே பூவாளி, அதே 10 லிட்டர். இடையில் காட்டுமாடு ஒருமுறை தகரத்தை மிதித்து வளைத்திருந்தது, நிமிர்த்திக்கொண்டேன்.

தொடாத பாத்தி: 0.4 லிட்டர். புது ஊசி மட்டும் எடுத்தது: 0.6. வாரிவிட்டது: 2.6 லிட்டர். வாளியில் படிந்த சேற்றை உலர்த்தினால் 34 கிராம் மண்.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் குழம்பினேன். அக்டோபரில் சருகு ஏற்கெனவே நனைந்து கனத்துக் கிடக்கிறது, அது புதிதாகப் பிடிக்க இடமே இல்லை. அப்படியானால் தொடாத பாத்திக்கும் வாரியதற்கும் இடையில் இருக்கிற 2.2 லிட்டர் எங்கே போயிற்று? மண்ணுக்குள்தான். குனிந்து வாரிய பாத்தியைப் பார்த்தால் விடை தரையிலேயே இருந்தது. ஏழு மாத மழை நேரடியாக அடித்து, மேல் மண் பிளாஸ்திரி மாதிரிப் படிந்து, நகத்தால் சுரண்டினால் மெல்லிய ஓடாகப் பெயர்கிறது. சின்னக் கற்கள் மட்டும் ஒவ்வொன்றும் ஒரு மண் மேடையில் நிற்கின்றன, சுற்றி இருந்த மண் போய்விட்டது. பக்கத்துப் பாத்தியில் சருகைத் தூக்கினால் மண்ணில் விரல் நுழைகிறது, புழுத் துளைகள் திறந்து கிடக்கின்றன. முள்ளங்கி நிறப் புது வேர்கள் சருகுக்குள்ளேயே மேலேறி வந்திருக்கின்றன. சருகு மழையைப் பிடித்து வைக்கவில்லை. மழையின் அடியை வாங்கிக்கொண்டு மண்ணின் வாயைத் திறந்தே வைத்திருக்கிறது.

பெரியவர் அன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். குப்பியைக் கொடு என்று வாங்கி, சருகை விலக்கி அவரே ஒரு சொட்டு விட்டார். விழுந்ததும் காணோம். இன்னொன்று விட்டார், அதுவும் காணோம். "இப்ப குடிக்குது. மாசி பங்குனியில வந்து ஊத்திப் பாரு தம்பி." மாசி பங்குனியில் ஊற்றிய கணக்கைக் காட்டினேன். அவர் சொன்னது பங்குனி, நண்பனின் அம்மா சொன்னது கார்த்திகை, இருவருமே சரி என்று சொன்னதில் இரண்டு பேருக்குமே பெரிய சந்தோஷம் இல்லை.

நண்பனுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. தரை எவ்வளவு நன்றாகக் குடித்தாலும், அந்தத் தண்ணீரில் பெரும் பங்கை மரமே வருடம் முழுக்க உறிஞ்சி மேலே அனுப்பிவிடும், கிளைகளில் நின்று தரைக்கு வராமலே ஆவியாவது தனி. தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலையில், கதீட்ரல் பீக் என்ற இடத்தில், புல்வெளியாக இருந்த நீர்ப்பிடிப்புகளில் இதே பட்டுலா பைனை நட்டு வருடக்கணக்கில் ஓடையை அளந்திருக்கிறார்கள், மரம் வளர வளர ஓடை நீர் தெளிவாகக் குறைந்திருக்கிறது. நமக்குப் பக்கத்தில், நீலகிரி கிளன்மார்கனில், புல்வெளியில் தைல மரம் நட்டு அளந்ததில் முதல் பத்து வருடச் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. பைனுக்குக் கீழே ஊற்று இருக்கிறது என்பதால் பைன்தான் ஊற்றைத் தருகிறது என்று ஆகிவிடாது. சோலைத் துண்டின் மண்ணில் 36 மி.மீ. வடிந்ததை அவனுக்கு மறுபடி காட்டினேன். "அதுக்காக மரத்த வெட்டச் சொல்றியா?" என்றான். ஒரேயடியாக வெட்டச் சொல்லவில்லை, வெட்டவும் அனுமதி அது இதென்று ஆயிரம் இருக்கிறது. விழுந்த மரம் விட்ட இடைவெளிகளில் சோலை மரக் கன்றுகள் தானாக முளைத்திருக்கின்றன, அவற்றை மிதிக்காமல் இருந்தால் போதும் என்றேன்.

தீக்கு என்ன செய்தோம் என்றால், ரோட்டை ஒட்டியும் பக்கத்து நிலத்து எல்லையிலும் நாலு மீட்டர் அகலத்துக்கு மண் தெரிய வாரி, அந்த ஊசியை மட்டும் ஸ்ட்ராபெர்ரிக்காரருக்குக் கொடுத்தான். சரிவுக்குக் குறுக்காகத்தான் பட்டை போட்டோம். ஒரே ஒரு இடத்தில் மேலிருந்து கீழாக வாரவேண்டி வந்தது, அங்கே பத்தடிக்கு ஒன்றாக விழுந்த கிளைகளைக் குறுக்கே போட்டிருக்கிறோம், இல்லாவிட்டால் அதுவே வாய்க்கால் ஆகிவிடும். வீட்டைச் சுற்றி மட்டும் பிப்ரவரி தொடக்கத்தில் மேலாக்கப் புது ஊசியை அள்ளிக்கொள்வது, பாதி மக்கிய அடுக்கைத் தொடாமல் விடுவது. எளிதில் பற்றிக்கொள்வது மேலே காய்ந்து கிடக்கிற ஊசிதான், அதை எடுத்தால் நீர்க் கணக்கில் போவது அக்டோபரில் 0.2 லிட்டர், மார்ச்சில் 0.8. வாரியைப் படுக்கவைத்து மெதுவாக இழுத்தால் மேலடுக்கு மட்டும் வரும், ஊன்றி இழுத்தால் எல்லாம் வந்துவிடும். அவனுக்கு இன்னும் கை பழகவில்லை, அங்கங்கே மண் தெரிகிறது.

மழைமானி என்று இரண்டு பாட்டில் வைத்திருந்தேன், மரத்தடியில் ஒன்று, வெட்டவெளியில் ஒன்று. 12 மி.மீ. பெய்த அன்று மரத்தடியில் 9. ஆனால் ஒரு நாள் காலை மழையே இல்லை, ராத்திரி முழுக்க மூடுபனி மட்டும், வெளிப் பாட்டில் காலி, மரத்தடிப் பாட்டிலில் 1 மி.மீ. இருந்தது. ஊசிகள் மூடுபனியைச் சீப்பு மாதிரி வாரிச் சொட்டவிடுகின்றன. இரண்டே பாட்டிலை வைத்துக்கொண்டு இதற்கு மேல் பேசக் கூடாது, அடுத்த தடவை பத்துப் பாட்டில் வைக்கலாம் என்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஊற்றின் வாயில் ஒரு பிவிசி குழாய் சொருகி, 16 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் என்று நண்பனின் அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் காலண்டரில் குறிக்கிறார். அக்டோபர் கடைசி ஞாயிறு 1 நிமிடம் 50 விநாடி. அதற்கு முந்தின வாரம் காலண்டரில் எண் இல்லை, 'மாடு நின்னுச்சு, போகல' என்று இருக்கிறது.